கிண்ணியாப் பாலமும் ஐந்து பூட்டுகளும்: மூன்று வருட அனுபவம்

திருகோணமலையில் தரம் 10 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகத் தவணைக்கு இரண்டு தடவை, கூகுள் ஃபோமில் (இணையத்தில் கேள்விப் படிவம் தயாரிக்கும் கருவி) பூட்டுத் திறக்கிற பாடம் ஒன்றைச் செய்து வருகிறேன். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய எஸ்கேப் ரூம் விளையாட்டில் புதிரை விடுவித்தால்தான் அறையை விட்டு வெளியே வரலாம். என் பாடத்தில் ஒரு கணக்கின் விடைதான் அடுத்த பக்கத்துக்குத் திறப்பு. ஐந்து பூட்டு, ஒரு பாடவேளை. செலவு எதுவும் இல்லை.

கேள்வியைக் குறுவிடையாக வைத்து, விடையைச் சரிபார்க்கும் ரெஸ்பான்ஸ் வேலிடேஷன் என்ற இடத்தில் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால், பிழையான விடையோடு அடுத்த பகுதிக்குப் போக முடியாது. முதல் தடவை விடை கட்டாயம் என்று ஆக்கும் ரிக்வயர்ட் என்பதை அழுத்த மறந்துவிட்டேன். விடையை வெறுமையாக விட்டாலே பூட்டு வழிவிட்டுவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஒரு குழு "முடிச்சிட்டம் மிஸ்" என்று கை தூக்கியது; தாளில் ஒரு வரி செய்கை இல்லை. இன்னொன்று, எழுத்து விடைக்கு கன்டெய்ன்ஸ் (விடைக்குள் எங்காவது இருந்தால் போதும்) போட்டு 12 என்று கொடுத்தால் 312ஐயும் ஏற்றுக்கொள்ளும். வடக்கிலிருந்து கோணம் அளக்கும் திசைகோள் கணக்கில் 060 என்று மூன்று இலக்கமாக எழுத வைக்க வேண்டுமென்றால் விடை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் சரி; எண் என்று வைத்தால் 60ஐயும் விட்டுவிடும்.

இதெல்லாம் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். எனக்குப் பிடிபட நாள் எடுத்தது வேறொரு சின்னப் பெட்டி. பிழையான விடைக்கு என்ன செய்தி காட்ட வேண்டும் என்று நாமே எழுதும் இடம் அது. முதல் வருடம் முழுக்க அதில் "பிழை, மீண்டும் முயற்சி செய்க" என்றுதான் எழுதியிருந்தேன். பிள்ளைகள் வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள்.

2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ்ஸின் முன்பக்கம் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எத்தனை செக்கன்? அலகை மாற்றினால் செக்கனுக்கு 10 மீற்றர், விடை 39.6. ஆனால் பாதி வகுப்பு 396ஐ 36ஆல் வகுத்து 11 என்று போடும். அதனால் செய்தியை இப்படி மாற்றினேன்: "11 செக்கனில் கடந்தால் அந்த பஸ் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் போயிருக்கும்?" ஒரு குழு அதையும் கணக்குப் பார்த்தது. கிட்டத்தட்ட 130. தினமும் அந்தப் பாலத்தால் வரும் பிள்ளை ஒருத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பிடிப் போக ஏலாதே மிஸ்" என்றாள். பிறகு அவளே அலகை மாற்றினாள். நான் வாய் திறக்கவில்லை.

ஒரு கேள்விக்கு ஒரு செய்திதான் போடலாம். ஆகவே அதிகம் பேர் விடும் பிழை எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பிள்ளைகளின் கொப்பிதான் ஆதாரம்.

இரண்டாவது வருடம் ஒரு பையன் பிரவுசரில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, விடைகள் அங்கேயே கிடப்பதைக் காட்டினான். உண்மைதான், ஃபோமின் பூட்டு அவ்வளவு பலமில்லை. அன்றிலிருந்து செய்கை எழுதிய தாளைத் தந்தால்தான் குழு முடித்ததாகக் கணக்கு. இதைப் பரீட்சைக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

புதுப் பாடம் தொடங்கவும் இது உதவாது. ஒரு தடவை திரிகோணகணிதத்தை இதிலேயே அறிமுகம் செய்து பார்த்தேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்ய, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டலுக்குத்தான் பொருத்தம். ஒரு கணினிக்கு நான்கு பேரை விட மூன்று பேர் நல்லது. ஒவ்வொரு பூட்டுக்கும் எழுதுபவர் மாற வேண்டும். இணையம் விழும் நாட்களுக்காக அதே ஐந்து கணக்கையும் கடித உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தத் தவணை இருபடிச் சமன்பாடு. செவ்வகக் காணி ஒன்றின் நீளம் x, அகலம் x − 1, பரப்பளவு 12. தீர்வாக 4உம் −3உம் வரும், பூட்டு 4க்குத்தான் திறக்கும். செய்தியை இன்னும் எழுதவில்லை. 34 கொப்பி திருத்தக் கிடக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான்.