ட்ரிவியல் பர்சூட்: பதிலுக்குப் பிறகு தொடங்கும் விளையாட்டு

மேப்பிள் பாகும் இன்சுலினும் கனடா உலகுக்குத் தந்தவை என்பதை அறிந்தவர்களில் பலருக்கு, ட்ரிவியல் பர்சூட் என்னும் பலகை விளையாட்டும் இந்நாட்டில் பிறந்ததுதான் என்பது தெரிவதில்லை. 1979 டிசம்பரில் மொன்றியல் நகரில், கசெட் நாளிதழின் படப்பிரிவு ஆசிரியராக இருந்த கிறிஸ் ஹேனியும், கனேடியன் பிரஸ் நிறுவனத்தின் விளையாட்டுச் செய்தியாளராக இருந்த ஸ்கொட் அபட்டும் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். எழுத்துக் கட்டைகளில் சில தொலைந்துபோயிருக்கவே, நாமே ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன என்று அவர்கள் பேசத் தொடங்கியதில் இது உருவானது. நண்பர்களிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் சிறு தொகைகளைத் திரட்டி, 1981இல் ஏறத்தாழ 1,100 பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பெட்டியைச் செய்ய 75 டொலர் பிடித்தது. கடைகளுக்கு அதை 15 டொலருக்குக் கொடுத்தார்கள். அந்த நட்டத்தோடு தொடங்கிய விளையாட்டு 1984ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிப் பெட்டிகள் விற்றது.

ஆடும் முறையை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆறு ஆரங்கள் உள்ள சக்கரம் போன்ற பலகையில், தாயக்கட்டையை உருட்டிக் காயை நகர்த்தி, நிற்கும் கட்டத்தின் நிறத்துக்குரிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். புவியியலுக்கு நீலம், பொழுதுபோக்குக்கு இளஞ்சிவப்பு, வரலாற்றுக்கு மஞ்சள், அறிவியலுக்கும் இயற்கைக்கும் பச்சை, விளையாட்டுக்குச் செம்மஞ்சள். கலை இலக்கியத்துக்கு முதலில் மண்ணிறம் இருந்தது, பிந்திய பதிப்புகளில் அது ஊதாவாக மாறியது. ஆரங்களின் முனைகளில் சரியான பதில் சொன்னால் அந்த நிறத் துண்டு கிடைக்கும். ஆறு துண்டுகளும் சேர்ந்தபின் நடுக்கட்டத்துக்கு வந்து, எதிரணியினர் தேர்ந்தெடுக்கும் பிரிவில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் வெற்றி. முதற்பதிப்பில் ஆயிரம் அட்டைகளில் 6,000 கேள்விகள் இருந்தன.

விதிகளைவிட இந்தப் பெட்டியின் உயிர் கேள்விகளில்தான் இருக்கிறது. நல்ல கேள்வி, பதில் தெரியாதவரையும் யோசிக்க வைக்கும். பதில் வெளிவந்ததும் மேசையைச் சுற்றி இருப்பவர்களைச் சிரிக்கவோ பேசவோ வைக்கும். ஆண்டையும் பெயரையும் மட்டும் கேட்கும் கேள்வி அப்படியல்ல. தெரிந்தவர் சொல்லிவிடுவார், தெரியாதவர் தலையசைப்பார், அத்தோடு முடிந்துவிடும். செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வந்த இருவர் இதை உருவாக்கினார்கள் என்பது பழைய அட்டைகளில் நன்றாகத் தெரிகிறது. தலைப்பைப் பார்த்ததும் வாசிக்கத் தூண்டும் செய்தியைப் போல, பல கேள்விகள் சுருக்கமாகவும் ஒரு குறும்புத் திருப்பத்தோடும் எழுதப்பட்டிருக்கின்றன.

அதே பழைய பதிப்பின் பெருங்குறை, அது எழுதப்பட்ட காலத்தையும் சூழலையும் விட்டு நகராதது. சோவியத் ஒன்றியமும் இரண்டு ஜெர்மனிகளும் இன்னும் அங்கே இருக்கின்றன. இளஞ்சிவப்புப் பிரிவு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வட அமெரிக்கத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கே கைகொடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த ஒரு பெரியம்மா நீலக் கட்டங்களில் எல்லோரையும் முந்திக்கொண்டு போனாலும், இளஞ்சிவப்பில் நின்றுவிடுவார். அதற்கு அவருடைய அறிவைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆகவே மூன்று தலைமுறைகள் ஒன்றாக ஆடும் வீடுகளில் தனித்தனியாக ஆடாமல், வயது கலந்த அணிகளாகப் பிரிந்து ஆடும்படி அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. இந்த விளையாட்டை நான் மிகவும் விரும்புவது அதனால்தான். வெற்று அட்டைகளை வாங்கி, கனடா பற்றிய கேள்விகளை நாமே எழுதிப் பெட்டியில் சேர்க்கலாம். இந்நாட்டின் வரலாறு இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 1943 ஜனவரியில் ஒட்டாவா மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தைக்காகக் கனடா எதை விட்டுக்கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். போர்க்காலத்தில் கனடாவில் அடைக்கலம் பெற்றிருந்த அரச குடும்பத்தில் பிறந்த நெதர்லாந்து இளவரசி மார்கிரீத் பிறப்பால் கனேடியராகிவிடாமல் இருக்க, பிரசவ அறைகளைத் தற்காலிகமாகக் கனடாவின் ஆள்புலத்துக்கு வெளியே உள்ளவையாக அரசு அறிவித்தது. ஒட்டாவாவில் ஒவ்வொரு வசந்தத்திலும் பூக்கும் டியூலிப் மலர்களில் ஒரு பகுதி நெதர்லாந்தின் நன்றிக்கடனாக வருகிறது என்றதும், மலர்க் காட்சிக்குப் போய்வந்தவர்கள் தங்கள் கதைகளைச் சொல்லத் தொடங்குவார்கள். ஹான்ஸ் தீவைப் பற்றிய கேள்விக்குச் சிறுவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். டென்மார்க்குக்கு உரிய கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையில் ஒன்றேகால் சதுரக் கிலோமீற்றர் அளவே உள்ள அந்தப் பாறைக்காக, 1984 முதல் கனேடியர் கொடியோடு விஸ்கிப் போத்தலையும், டென்மார்க்கினர் தங்கள் கொடியோடு தங்கள் நாட்டு மதுவையும் வைத்துவிட்டுப் போனார்கள். 2022இல் தீவை இருவரும் பிரித்துக்கொண்டதால், கனடாவுக்கும் டென்மார்க்குக்கும் நில எல்லை ஒன்று உருவானது.

மஞ்சள் பிரிவில் நான் கட்டாயம் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீனவர்கள் கண்டெடுத்த 155 பேர் யார்? அவர்கள் இலங்கைத் தமிழர்கள். இந்தக் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு கேட்கும் கேள்விகளுக்காகவே அது பெட்டியில் இருக்க வேண்டும்.

சொந்தமாக அட்டை எழுதுபவர்கள் பதிலைச் சரிபார்த்தே எழுத வேண்டும். கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்பது, நூலாசிரியர் ஒருவர் தம் தொகுப்பிலிருந்து எடுப்பவர்களைப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே புகுத்திய பொய்த்தகவல். அது இந்த விளையாட்டின் அட்டையிலும் ஏறிவிட, 1984இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற காரணத்தால் வழக்கில் அவர் தோற்றார் என்றாலும், அட்டையில் இருந்த பதில் தவறானதுதான்.

2008இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 80 மில்லியன் அமெரிக்க டொலருக்கு உரிமையை வாங்கியது. இப்போது கடைகளில் கிடைப்பவை அதன் பதிப்புகளே. முதன்முறை வாங்குபவர்கள், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டினர், அண்மைப் பதிப்பை எடுப்பதே நல்லது. பழைய பொருட்கள் விற்கும் கடையில் முதற்பதிப்பைக் கண்டால் அதையும் விட்டுவிட வேண்டாம். வாங்குமுன் நிறத் துண்டுகள் ஒவ்வொரு நிறத்திலும் ஆறு இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அளவில் சிறியவை என்பதால் முதலில் தொலைவது அவைதான்.