தமிழ்ல பேசினாங்கன்னு நம்பி 54,000 ரூபாய் விட்டேன்

இப்பதான் அங்கிருந்து வர்றேன், கை இன்னும் நடுங்குது. 54,000 ரூபாய். பெங்களூர்ல ஒரு முதுகுவலி கிளினிக். பேர் போடல, வக்கீல் நோட்டீஸ் வேற வாங்கத் தெம்பில்ல.

அம்மாவுக்கு 63 வயசு, சுகர் உண்டு. ஒரு வருஷமா இடுப்பு வலி. ஸ்கேன்ல எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை மாதிரி தட்டு) பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு. அல்சூர்ல இருந்து ஆட்டோ பிடிச்சுப் போனோம். அங்க பேக்கேஜ் பேசுற பொண்ணு எங்க பேச்சைக் கேட்டதும், "நம்மாளுங்களா? எனக்குக் குடியாத்தம்மா"ன்னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. தன் ஃபிளாஸ்க்ல இருந்து காபி வேற ஊத்திக் கொடுத்தா. அம்மா அங்கேயே உருகிட்டாங்க. நானும்தான். "நரம்பு வேர்ல மூணு ஊசிண்ணா. இன்னைக்கே மொத்தமா கட்டினா 54,000." ஜிபேல அனுப்பிட்டேன்.

முதல் ஊசி பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. சாயங்காலம் வலியே இல்ல, அம்மா நின்னுக்கிட்டே தோசை சுட்டாங்க. ராத்திரி பழையபடி வலி. மரத்துப்போற மருந்தோட வேலை அவ்வளவுதானாம். மூணாம் நாள் சுகர் 380. ஊசியில ஸ்டீராய்டு இருக்கு, சுகரை ஏத்தும்னு ஒருத்தர் வாய் திறக்கல.

வேற டாக்டர்கிட்ட ஓடினோம். இந்த ஊசி முக்கியமா நரம்பு நசுங்கி காலுக்கு இறங்குற வலிக்கு, உங்களுக்கு வலி இடுப்பைத் தாண்டவே இல்லையேன்னார். ஊசி போட்டப்ப எடுத்த எக்ஸ்ரே படம் எங்கன்னு கேட்டார். "மெஷினே இல்லையே, முதுகைத் தடவிப் பார்த்துக் குத்தினாங்க"ன்னாங்க அம்மா. பில்லை எடுத்துப் பார்த்தா 'சி-ஆர்ம் எக்ஸ்ரே 6,000'!

பணத்தைக் கேட்டா டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார், அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க, மெயில் போடுங்க. நாலு தடவை அலைஞ்சாச்சு. இன்னைக்கு அந்தக் குடியாத்தம் பொண்ணு என் முகத்தைப் பார்த்து, "நாளெ பன்னி சார்"னா. நாளைக்கு வாங்கன்னு, கன்னடத்துல! காபி கொடுத்தப்ப வந்த தமிழ் எங்க போச்சு?

54,000. அப்பாவோட பென்ஷன் பணம்.

என்ன பண்ணணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. மூணு ஊசிக்கும் மொத்தமா கட்டாதீங்க, முதல் ஊசி பலன் கொடுத்தாதான் அடுத்ததைப் பத்தி யோசிக்கணும். எக்ஸ்ரேல பார்த்துக்கிட்டு, சாயம் விட்டு ஊசி எங்க நிக்குதுன்னு உறுதி பண்ணிட்டுப் போடுறாங்களான்னு கேளுங்க, படத்தையும் வாங்குங்க. சுகர், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, எதுவா இருந்தாலும் நீங்களே முந்திச் சொல்லுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் நாளைக்குக் கூப்பிடுறேன்.

இதை எழுதும்போதே மெசேஜ் வருது: 'உங்கள் இரண்டாவது ஊசி வரும் வியாழன், காலை 10 மணி.'