என் வீட்டுக்கு யார் ஐடி நிர்வாகி?

சுங்கை பட்டாணியில் இருக்கும் நண்பன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் காசு கொடுத்து வைத்திருக்கும் ஆன்ட்டிவைரஸுக்குத் தவணை முடியப் போகிறது. இப்போதே புதுப்பித்தால் பாதி விலையாம், 69 ரிங்கிட். "கட்டவா, வேணாமா? நீ விண்டோஸோட சும்மா வர்றதைத்தானே வச்சிருக்கே, அது எப்படி?" என்று கீழே கேட்டிருந்தான்.

வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அந்தச் 'சும்மா வர்றதோடு' இரண்டு இரவு மல்லுக்கட்டி முடித்த மறுநாள் காலை அது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அந்தச் 'சும்மா வர்றது', அதாவது டிபெண்டர், முழு ஆன்ட்டிவைரஸாக உள்ளேயே சேர்ந்து வந்தது. அதற்கு முன்பு ஆண்டுக்கு ஒரு பெட்டி, உள்ளே ஒரு சிடி, சுரண்டினால் எண் என்று நானும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். டிபெண்டருக்கு மாறிய பிறகு அந்தச் செலவே இல்லை. மூன்று கணினிகள் கைமாறிவிட்டன. ஒரு தடவைகூட "புதுப்பிக்க இன்னும் 3 நாள்தான்" என்று அது என்னை மிரட்டியதில்லை. முழு ஸ்கேன் ஓடும்போது மட்டும் விசிறி பினாங்கின் பிறை தொழிற்பேட்டை மாதிரி இரையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது கதைக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. வீட்டில் இருந்த பழைய இயந்திரம் 11-ஐ ஏற்காது. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கேள்வித்தாள் தயாரிக்க லாப்டாப் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. பாலத்தில் டோல் கட்டிப் பினாங்குத் தீவுக்குப் போய், ஒரு சின்னக் கடையில் ஏற்கெனவே பயன்படுத்திய லாப்டாப் ஒன்றை வாங்கி வந்தேன். விண்டோஸ் 11 ஹோம், முறையான உரிமத்தோடு. கடைத் தம்பி நல்ல மாதிரி. "ஆபீஸும் ஃப்ரீயா போட்டுக் கொடுத்திர்றேன்ண்ணே, டீச்சருக்குத்தானே" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன்.

சில மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. பள்ளியிலிருந்து வந்த ஒரு பென்டிரைவைச் சோதிக்கலாம் என்று டிபெண்டரின் அமைப்புகள் இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்த அன்றுதான் பார்த்தேன். வைரஸ் பாதுகாப்புப் பக்கமே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆங்கில அறிவிப்பு. தமிழில் சொன்னால் இப்படி வரும்: உங்கள் ஐடி நிர்வாகி இந்தச் செயலியின் சில பகுதிகளைக் கட்டுப்படுத்தியுள்ளார், மேலும் விவரத்துக்கு ஐடி உதவிப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்.

எந்த ஐடி நிர்வாகி? இந்த வீட்டுக்கு ஐடி நிர்வாகி நான்தான். உதவிப் பிரிவும் நான்தான். ரவுட்டரை அணைத்துப் போடுவதும் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும் நான்தான். என்னையே தொடர்புகொள்ளச் சொல்லி என்னிடமே ஒரு அறிவிப்பு.

பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவனாக எனக்கு இருக்கும் ஒரே தீராத எரிச்சல் இந்த வாசகம்தான். உண்மையாகவே அலுவலகம் பூட்டி வைத்திருந்தாலும் இதே வாசகம், எவனோ ஒரு கருவியை ஓட்டிப் பூட்டியிருந்தாலும் இதே வாசகம், வைரஸே பூட்டியிருந்தாலும் இதே வாசகம். பூட்டு தொங்குகிறது என்று சொல்லும். யார் மாட்டியது, எப்போது மாட்டியது, சாவி எங்கே, ஒன்றும் சொல்லாது.

நிர்வாகி என்றதும் என் சந்தேகம் நேராக மனைவி மேல் போனது. பள்ளிக் கணக்கில் நுழையும்போது, உங்கள் நிறுவனம் இந்தச் சாதனத்தை நிர்வகிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலானோர் படிக்காமலே சரி என்று அமுக்கிவிடுவார்கள்.

"நீ எதையாவது அமுக்கினியா?"

"ஏங்க, அதைத் தொட்டாலே திட்டுவீங்கன்னு வேர்டைத் தவிர வேறெதையும் நான் தொடறதில்லை."

செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், வேலை அல்லது பள்ளி என்ற இடத்தில் இருந்த அவளுடைய கணக்கைத் துண்டித்தேன். திரும்பத் துவக்கினேன். நிர்வாகி அசையவில்லை. மனைவி அன்று இரவு என்னோடு பேசவும் இல்லை.

அடுத்தது குரூப் பாலிசி, அதாவது கணினியில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நிர்வாகி வைக்கும் கொள்கை. அதைத் திருத்தும் ஜிபிஎடிட் என்ற கருவியைத் திறந்து இதை மாற்று, அதை மாற்று என்றுதான் தேடிய இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஹோம் பதிப்பில் அந்தக் கருவியே கிடையாது. ஆனால் கொள்கை என்பது கடைசியில், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும் ஓர் எண்தான். அதை எழுத ஜிபிஎடிட் தேவையில்லை, எந்தக் கருவியும் எழுதிவிடலாம். அப்படியென்றால் அழிப்பதற்கும் அது தேவையில்லை.

இரண்டாம் இரவு ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி உரிமையோடு திறந்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தொடப்போகும் கிளையை எக்ஸ்போர்ட் செய்து முதலில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் மெஷினுக்குள் சாப்ட்வேர், அதற்குள் பாலிசிஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட். இங்கே விண்டோஸ் டிபெண்டர் என்றும், விண்டோஸ் டிபெண்டர் செக்யூரிட்டி சென்டர் என்றும் இரண்டு கிளைகள். பாலிசிஸுக்கு வெளியேயும் இதே பெயரில் ஒரு கிளை உண்டு, அதில் கை வைக்கக் கூடாது.

முதல் கிளையில் டிஸேபிள் ஆன்ட்டிஸ்பைவேர், மதிப்பு 1. இது பழைய தந்திரம், 2020-க்குப் பிறகு வீட்டுக் கணினிகளில் செல்லுபடியாகாது. அதன் கீழே ரியல்டைம் புரொடெக்‌ஷன் என்ற உட்கிளையில் டிஸேபிள் ரியல்டைம் மானிட்டரிங், அதுவும் 1. காவலைத் தூங்க வைத்தது இதுதான். இரண்டாவது கிளையில் யூஐ லாக்டவுன், மதிப்பு 1. பக்கத்தை மறைத்துவிட்டு 'நிர்வாகி' வேஷம் போட்டது இது. மூன்றே மூன்று 1. நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

டேம்பர் புரொடெக்‌ஷன் என்று, டிபெண்டரின் அமைப்புகளைப் பிற கருவிகள் மாற்றவிடாமல் தடுக்கும் ஒரு காவல் 2019-இலிருந்தே இருக்கிறதே, அது எப்படி இதை விட்டது என்று கேட்கலாம். அதை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து கையால் அணைத்திருக்க வேண்டும். மனைவி இல்லை, நானும் இல்லை. மிச்சம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றையும் அழித்துத் திரும்பத் துவக்கினேன். பக்கம் வந்துவிட்டது. டேம்பர் புரொடெக்‌ஷனை முதல் வேலையாகப் போட்டேன். அப்புறம்தான் விலக்குப் பட்டியலைப் பார்த்தேன். இந்தப் பட்டியலைப் பலரும் திறந்தே பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை. அதில் இரண்டு கோப்புறைகள். காவல்காரனிடம் இந்த இரண்டு அறைக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதே என்று சொல்லி வைத்த மாதிரி. அவற்றை நீக்கிய சில நொடிகளில் மூலையில் எச்சரிக்கை: ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ்.

'ஃப்ரீயா போட்டுக் கொடுத்த' ஆபீஸின் ரகசியம் இதுதான். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான உரிம முறை. அதைப் போலியாக நடத்திக் காட்டும் ஒரு கருவியை உள்ளே உட்கார வைத்து, டிபெண்டர் அதைத் தின்றுவிடாமல் இருக்க டிபெண்டரையே கட்டிப்போட்டிருக்கிறார்கள். தம்பிக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பழக்கதோஷம். ஆனால் என் மனைவி வங்கிக் கணக்கைத் திறக்கும் இயந்திரம் அத்தனை மாதம் காவலில்லாமல் கிடந்திருக்கிறது.

பிறகு ஆஃப்லைன் ஸ்கேன். கணினி தானே அணைந்து, விண்டோஸ் முழுதாகத் துவங்கும் முன்பே தேடிவிட்டு வரும், கால் மணி நேர வேலை. வேறெதுவும் சிக்கவில்லை.

இப்போது என்னை மயக்கிய இடத்துக்கு வருகிறேன். உண்மையிலேயே விழித்துக்கொண்டதா என்று பார்க்க ஐகார் சோதனை செய்தேன். 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு வரி. யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் எல்லா ஆன்ட்டிவைரஸும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். கோப்பு டெஸ்க்டாப்பில் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்தது, உடனே இல்லை. இன்னொரு தடவை செய்தேன், அப்போதும் இல்லை. இரவு ஒரு மணிக்கு, நாய்க்குட்டியோடு பந்து விளையாடுகிறவன் மாதிரி ஐந்தாறு தடவை செய்துகொண்டிருந்தேன். வாயைக் கட்டி மூலையில் போட்டிருந்தும், அவிழ்த்த அடுத்த நிமிடமே ஒரு குறையும் சொல்லாமல் வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஆபீஸ் விஷயம் மட்டும் பாக்கி. கேஎம்எஸ் வழியாக ஒருமுறை கிடைத்த அனுமதி 180 நாள் நிற்கும். கருவி போய்விட்டது, இனி அதைப் புதுப்பிக்க ஆள் இல்லை. வேர்டு இன்னமும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. எப்போது நிற்கும் என்று கணக்குப் போட்டால் பள்ளியில் தேர்வு நெருங்கும் நேரமாகப் பார்த்து நிற்கும் போலிருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அவளுடைய பழைய கேள்வித்தாளைத் திறந்து பார்த்தேன், அட்டவணைக் கட்டமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? இவ்வளவையும் படித்தால் காசு கட்டத் தேவையில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் நான் அனுப்பியது ஒரே சொல்: "கட்டிடு."

"ஏன்டா?" என்றான்.

"அதுல பிரச்சினைன்னா கூப்பிட ஒரு நம்பர் இருக்கும். இதுல பிரச்சினைன்னா நீ என்னைத்தான் கூப்பிடுவே."

பத்து நிமிடத்தில் கட்டிவிட்டான். அன்று மாலை டீ போட்டு வாயில் வைக்கும்போது அழைப்பு வந்தது.

"டேய், பணம் கட்டியாச்சு. இப்போ டிபெண்டர் ஆஃப்னு காட்டுதே, அது ஏன்?"