பொன்னரளியா, அலமாண்டாவா, டெக்கோமாவா? மூன்று மஞ்சள் பூக்களைப் பிரித்தறிய ஒரு அலசல்

மஞ்சள் நிறம், ஐந்து இதழ், அடியில் குழல். இந்த அடையாளங்கள் பொருந்தும் பூக்கள் நம் தெருக்களிலேயே மூன்று வகை உண்டு: பொன்னரளி, அலமாண்டா, டெக்கோமா. பூவை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்ன பூ?" என்று கேட்டால் மூன்று பெயர்களும் பதிலாக வரும். இதில் குழப்பம் இருக்கக்கூடாது. பொன்னரளியின் விதை இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் வாசலில் நிற்பது எந்தச் செடி என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

என் கட்சி இதுதான்: பூவைக் கடைசியாகப் பாருங்கள். இலையில் தொடங்குங்கள்.

பொன்னரளி இலை ஒல்லியானது. அகலம் ஒரு செ.மீ. அளவுதான், நீளமோ 10 முதல் 15 செ.மீ. வரை போகும். நல்ல பளபளப்பு. நடுநரம்பு மட்டும் எடுப்பாகத் தெரியும். கணுவுக்கு ஒரு இலை என்று கிளையைச் சுற்றிச் சுற்றி ஏறும். அலமாண்டாவில் பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று நான்கு இலைகள் வட்டம் கட்டி நிற்கும். இலையும் அகலம், தடிப்பு. டெக்கோமாவின் இலை கூட்டிலை. ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல். சட்டென்று பார்த்தால் வேப்பங்கொத்து போலிருக்கும். ஆனால் வேம்பில் முழுக் கூட்டிலைகள் கிளையில் மாறி மாறி வரும், டெக்கோமாவில் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பூக்காத நாளிலும் செய்யலாம் என்பது இதன் பெரிய பலம்.

அடுத்தது பால். ஒரு இலையைக் கிள்ளினால் பொன்னரளியிலும் அலமாண்டாவிலும் வெள்ளைப் பால் வடியும். இரண்டும் ஒரே குடும்பம். டெக்கோமாவில் பால் வராது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அலமாண்டாவும் சாதுவான செடியல்ல. தின்றால் வாந்தி, பேதி வரும். ஆனால் பொன்னரளியின் ஆபத்து வேறு தரத்தைச் சேர்ந்தது.

இப்போது பூவுக்கு வரலாம். பொன்னரளிப் பூ முழுதாக விரியவே விரியாது. இதழ்கள் ஒன்றின் ஓரத்தை இன்னொன்று மூடி, முறுக்கிக்கொண்டு, கிண்ணம் போலக் குவிந்தே நிற்கும். இதைத்தான் பள்ளித் தாவரவியலில் திருகு இதழமைவு என்று படித்தோம். அலமாண்டாவிலும் மொட்டு முறுக்கியதுதான். ஆனால் மலர்ந்தபின் அகன்ற, வட்டமான இதழ்கள் தட்டையாக விரியும். மூன்றில் பெரிய பூ இதுதான். டெக்கோமா கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதன் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் மெல்லிய செங்கோடுகள் இருக்கும். இதழ்களும் ஒரே சீராக அமையாமல் மேலே இரண்டு, கீழே மூன்று என்று பிரிந்திருக்கும். பஹாமாஸ் நாட்டின் தேசிய மலர் இது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பொன்னரளியில் வெளிர் ஆரஞ்சும் வெள்ளையும் உண்டு. டெக்கோமாவில் ஆரஞ்சுப் பூ வகைகள் நர்சரிகளில் விற்கின்றன. அலமாண்டாவிலும் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும் இனம் ஒன்று உண்டு. செல்போன் செயலியில் தேடுவதானாலும் பூவோடு இலைக்கணுவும் தெரியும்படி படம் எடுங்கள். பூவின் முகத்தை மட்டும் காட்டினால் செயலியும் தடுமாறும்.

காய் கிடைத்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பொன்னரளிக் காய் பச்சையாக, உருண்டு திரண்டு, முக்கோணச் சாயலில் நடுவில் ஒரு மேட்டோடு இருக்கும். முற்றினால் கறுக்கும். உள்ளே கெட்டியான கொட்டை, கொட்டைக்குள் விதை. குழந்தைகள் பொறுக்கி விளையாடத் தோன்றும் வடிவம் என்பதுதான் கவலை. அலமாண்டாக் காயில் முள் இருக்கும். கொம்பு வெட்டி நட்டே பெருக்குவதாலோ என்னவோ, வீட்டுத் தோட்டத்தில் அது காய்ப்பது அபூர்வம். டெக்கோமாவில் மெலிந்த நீளக் காய்கள் தொங்கும். வெடித்தால் சிறகு வைத்த விதைகள் காற்றில் பறக்கும். இப்படிப் பரவித்தான் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது களையாகிவிட்டது.

மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இருந்தும் பொன்னரளி நம் கோயில் நந்தவனத்தில் குடியேறி, சிவனுக்குச் சாத்தும் பூவாகிவிட்டது. அதை வெட்டிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கோயிலில் இருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மட்டும் வேண்டாம். அங்கே மஞ்சள் பூதான் வேண்டுமென்றால் டெக்கோமா வையுங்கள். நல்ல வெயிலும், பூத்து முடிந்ததும் ஒரு கவாத்தும் போதும். மாடிக் கைப்பிடியில் படரவிட ஆசைப்படுபவர்களுக்கு அலமாண்டா பொருந்தும். அது தானாகப் பற்றி ஏறாது, கயிற்றால் கட்டிவிட வேண்டும்.

குழந்தை ஏதோ காயைக் கடித்துவிட்டது என்று தெரிந்தால், பெயர் கண்டுபிடிப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். கைவைத்தியமும் வேண்டாம். மிச்சமிருக்கும் காயையும், இலைகளோடு ஒரு சிறு கிளையையும் பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.