புதுக் கடல்நீர்த் தொட்டியில் பாசி: மூன்றாம் ஆண்டில் ஓர் அனுபவப் பகிர்வு

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்த நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளை மணல்மேல் பழுப்புப் படலம், கூடவே ஒரு கேள்வி: “அண்ணே, இதுக்கு என்ன மருந்து ஊத்தலாம்?” மருந்துக்கு முன்னால் அது எந்தப் பழுப்பு என்று பார்த்துவிட வேண்டும். டயாட்டமும் பழுப்பு, டைனோஃபிளாஜலேட்டும் பழுப்பு; இரண்டுமே கண்ணுக்குத் தனியாகத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள். முன்னது தானாகப் போய்விடும். பின்னதில் சில வகைகள் நத்தைகளைக் கொன்றுவிடும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை வளர்த்துவிடவும் கூடும்.

என்னுடையது சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மூன்றடித் தொட்டி. கீழே சம்ப் (துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை எடுக்கும் கருவி), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி). உயிர்ப்பாறை (கடலின் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) போடாமல் காய்ந்த பாறையில் தொடங்கியது. இப்போது ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு பாசி தின்னும் பிளென்னி, மென்பவளங்கள், சில சுத்தியல் பவளங்கள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு ஓடுகிறது. காய்ந்த பாறையில் வேண்டாத பூச்சி புழு வராது என்பது உண்மை. ஆனால் நல்ல நுண்ணுயிரும் வராது. வெறும் பாறையில் யார் முதலில் இடம் பிடிப்பது என்ற போட்டி நடக்கும். முதல் ஆண்டில் நாம் பார்க்கும் பாசி மாற்றங்கள் எல்லாம் அந்தப் போட்டிதான்.

முதலில் வருவது டயாட்டம். நைட்ரஜன் சுழற்சி (கழிவின் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றப் பழகும் தொடக்கக் கட்டம்) முடிகிற நேரத்தில் மணல், பாறை, கண்ணாடி எல்லாவற்றிலும் மாவு தூவினாற்போல் பழுப்பு படியும். விரலால் தொட்டால் தூளாகப் பறக்கும், இழையாக வராது. டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. தண்ணீரில் சிலிகேட் இருக்கும்வரை வளரும், தீர்ந்தால் ஓயும். என் தொட்டியில் சில வாரங்களில் ஓய்ந்தது. நான் கண்ணாடியை மட்டும் துடைத்தேன், மணலைத் தொடவில்லை.

ஓயவில்லை என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் குழாய்நீர் குடிக்க மிக நல்ல நீர். ஆனால் பவளத் தொட்டிக்கு அதை அப்படியே ஊற்றக் கூடாது. கிருமி நீக்கத்துக்காகப் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமின் சேர்க்கிறது. அது குளோரின் மாதிரி ஓர் இரவு வாளியில் வைத்தால் பறந்துவிடாது. நீரை வடிகட்டும் ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) படலம் மட்டும் அதைத் தடுக்காது. முன்னால் நல்ல கார்பன் பிளாக், பின்னால் டிஐ ரெசின் (மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் மணிகள்), இரண்டும் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரெசின் தீரும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்காதான். நீரில் கரைந்திருப்பதை மின்கடத்தலை வைத்து அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அப்போதும் பூஜ்ஜியம் காட்டும், ஏனென்றால் சிலிக்கா மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. மீட்டர் சுத்தம் என்கிறது, மணல் பழுப்பாகிறது என்றால் ரெசினை மாற்றிப் பாருங்கள். என் தொட்டியில் இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்த டயாட்டம் அப்படித்தான் போனது.

இந்த ஊரின் வெப்பமும் இதில் சேர்கிறது. பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் போகும். பவளத்துக்கு 25 முதல் 27 பாகை வசதி. காற்றாடி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும், ஆனால் அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பும் மற்றவையும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை நாள்தோறும் குழாய்நீரால் நிரப்பினால் சிலிகேட்டும் நைட்ரேட்டும் மெல்ல மெல்லச் சேரும். ஆகவே காற்றாடி வைப்பவருக்கு ஆர்ஓ நீர் இன்னும் அவசியம். நான் சில்லருக்கு மாறினேன். பல நூறு வெள்ளி செலவுதான், மின்கட்டணமும் கூடியது. ஆனாலும் இந்தத் தொட்டிக்கு வாங்கியதில் நான் மிகவும் மதிப்பது ஆர்ஓ-டிஐ கருவி, அடுத்தது சில்லர்.

டயாட்டத்துக்குப் பிறகு பச்சை. கண்ணாடியில் பச்சைப் படலம் வருவது நல்ல அறிகுறி. பாறையில் முடிபோல் நீள்வதுதான் கவனிக்க வேண்டியது. காய்ந்த பாறை தன்னுள் பிடித்துவைத்த பாஸ்பேட்டை மாதக்கணக்கில் கசியவிடும். பரிசோதனையில் பாஸ்பேட் குறைவாகக் காட்டினாலும் பாசி செழித்திருந்தால், கசிவதையெல்லாம் பாசியே உறிஞ்சிக்கொள்கிறது என்று பொருள். நீர் மாற்றும்போது பல்துலக்கியால் தேய்த்து, குழாயால் உறிஞ்சி எடுப்பதை விட உருப்படியான வழி எதையும் நான் காணவில்லை. விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்தேன், வெள்ளை ஒளியை இறக்கி நீலத்தை வைத்தேன், உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிர், மீனுணவு) உருக்கி அலசியபின் போட்டேன்.

நத்தைகளைப் பற்றித் தயங்காமல் சொல்வேன்: ட்ரோக்கஸ் வாங்குங்கள். கவிழ்ந்தாலும் தானாகத் திரும்பிக்கொள்ளும், தொட்டியிலேயே இனப்பெருக்கமும் செய்யும். டர்போ நத்தை இன்னும் நன்றாக மேயும், ஆனால் பவளங்களைத் தள்ளிவிடும். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் மீன் கடைகளுக்குப் போகும்போது, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நத்தையைக் கேட்டு வாங்குங்கள். அடியில் கிடப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கடைக்காரர்கள் கோபிப்பதில்லை.

சிவப்பு அல்லது ஊதாச் சிவப்பில் வழுவழுப்பான போர்வையாகப் படர்ந்து, ஓரத்தைப் பிடித்தால் தோல்போல் உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பெயர் சொல்வதுபோல் அது பாக்டீரியா. நீரோட்டம் சேராத மூலையில்தான் பெரும்பாலும் தொடங்கும். அலை பம்ப்பின் திசையை மாற்றி, உரிந்ததை உறிஞ்சி எடுத்ததிலேயே என் தொட்டியில் அடங்கியது. ஆன்டிபயாட்டிக் வகை மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் அது விட்டுப்போகும் இடத்தை யார் பிடிப்பார் என்பதுதான் என் கவலை.

அந்த இடத்தைப் பிடிக்கக்கூடியது டைனோ, அதாவது டைனோஃபிளாஜலேட். முதல் ஆண்டின் பிற்பாதியில் என் தொட்டியில் வந்தது. காலையில் மணல் வெள்ளையாக இருக்கும். மதியத்துக்குள் பழுப்பாகும். மாலையில் சளிபோன்ற இழைகள், நுனியில் காற்றுக் குமிழிகள். விளக்கணைந்தால் மறுபடி பாதி மறைந்துவிடும். இந்த நாள்முறைதான் டயாட்டத்திலிருந்து பிரித்துக்காட்டும் முதல் அடையாளம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: கொஞ்சம் எடுத்துத் தொட்டி நீரில் குலுக்கி, காப்பி வடிதாளில் வடித்து, தெளிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி இழையாகக் கூடினால் டைனோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் எந்த டைனோ என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். பள்ளி மாணவர் பயன்படுத்தும் சாதாரணக் கருவி போதும், 400 மடங்கு பெருக்கினால் தெரியும். ஆஸ்ட்ரியாப்சிஸ் நீர்த்துளி வடிவில், ஒரு புள்ளியில் கட்டிவைத்ததுபோல் சுழன்றுகொண்டே இருக்கும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு நகராமல் மெதுவாக வழுக்கும். இந்த வேறுபாட்டில்தான் வைத்தியமே இருக்கிறது. ஆஸ்ட்ரியாப்சிஸ் நச்சுள்ளது, நத்தை தின்றால் சாகும். ஆனால் இரவில் அது நீரில் மிதக்கும் என்பதால் நீரைக் கடத்திச் சுத்தம் செய்யும் யூவி (புற ஊதா) விளக்கு அதைப் பிடித்துவிடும். ஆம்ஃபிடினியத்துக்கு யூவி வாங்குவது வீண் செலவு. மாறாக, அளவாகச் சிலிகேட் சேர்த்து டயாட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து மணலைப் பிடிக்க வைக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லாரும் துரத்த நினைக்கும் டயாட்டம் இங்கே நம் பக்கம் நின்று போராடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

என்னுடையது ஆஸ்ட்ரியாப்சிஸ். அப்போது நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்ஜியத்துக்கு வந்திருந்தன. முடிப்பாசி போனதும் மீனும் குறைவு, உணவும் குறைவு. மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒடுங்க, டைனோ தழைத்தது. பாசிக்குப் பாஸ்பேட்டை ஒழிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். டைனோவுக்கோ நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) பக்கம் நிறுத்தினேன். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைச் சம்ப்பிலிருந்து எடுத்தேன். யூவியைச் சம்ப்பில் வைக்காமல் மேல் தொட்டியிலிருந்தே நீர் இழுக்கும்படி வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் சூடேறியது, சில்லர் சமாளித்தது. மூன்று நாள் தொட்டியை முழுக்க மூடி இருட்டாக்கினேன். முதிர்ந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு கை மணலும் ஒரு துண்டு உயிர்ப்பாறையும் தந்தார். அதில் வந்த உயிர்களுக்கு நான் பெரும் பங்கு கொடுப்பேன். இழைகள் குட்டையாகி, பிறகு காணாமல் போயின. பவளத்தின் உடலுக்குள் இருந்து அதற்கு உணவு ஊட்டும் நுண்பாசியும் ஒரு டைனோஃபிளாஜலேட்தான். இந்த இனத்தையே அழிக்கும் மருந்தை நான் தேடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது பாறையில் ஊதா நிறக் கோரலைன் (சுண்ணாம்புப் படலமாகப் படரும் பாசி) பரவியிருக்கிறது. கால்சியம் 420 பிபிஎம், காரத்தன்மை 8 டிகேஎச் பக்கம் நிலையாக இருந்தாலே அது தன்பாட்டில் பிடிக்கும், புட்டியில் விற்பதை வாங்கத் தேவைப்படவில்லை. இறகுபோல் கிளைக்கும் பிரையாப்சிஸ் என்ற பாசி வந்தால் ஃப்ளுகோனசோல் மருந்துக்கு அடங்கும் என்கிறார்கள், எனக்கு வந்ததில்லை. குமிழிப்பாசி ஓரிரண்டு வந்தது, பாறையை வெளியே எடுத்துக் கிள்ளிவிட்டேன்.

பிடுங்கிய பாசியை என்ன செய்வது என்று பலர் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வடிகாலிலோ கடலிலோ விடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் சிறு திட்டாகக் காணப்பட்ட காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரைகளில் பரவியது. சிஸ்டர்ஸ் தீவுகளின் கடல் பூங்கா நம் கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில் இருக்கிறது. இங்கே வளர்ப்பு உயிர்களை அனுமதியின்றி வெளியே விடுவது சட்டப்படி குற்றமும்கூட. வேண்டாத நத்தை, மீன், பவளம் இருந்தால் வேறொரு தொட்டிக்காரரிடமோ வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் கடையிலோ கொடுத்துவிடுங்கள்.