எகானமி வகுப்பில் 16 மணி நேரம்: சாப்பாடும் நொறுக்குத் தீனியும்

சென்னையில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, அமெரிக்காவின் டெக்சாஸுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போகும் வழித்தடத்தில் நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாக எகானமி வகுப்பில் பயணம் செய்து வருகிறோம். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் இந்தப் பயணம் எங்களுக்கு ஏறக்குறைய ஆண்டுக் கடமையாகிவிட்டது. நான் கோழியும் மீனும் சாப்பிடுபவன். மனைவி முட்டையும் தொடாத சைவம். ஆகவே ஒரே வரிசையில் இரு வகைத் தட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. இத்தனை காலப் பழக்கத்தில் எங்களுக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: தட்டில் வரும் சாப்பாடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைவிட, இரண்டு சாப்பாடுகளுக்கு நடுவே விழும் நீண்ட இடைவெளியை எப்படிக் கடக்கிறோம் என்பதே இறங்கும்போது உடல் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சென்னையிலிருந்து துபாய்க்கோ தோஹாவுக்கோ சுமார் நான்கு மணி நேரம். அதில் ஒரு வேளை உணவு தருகிறார்கள். விடியற்காலை விமானம் என்றால் வழக்கமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தட்டு வந்து நிற்கும். அடுத்து வரும் நீண்ட கட்டம், அதாவது தோஹாவிலிருந்து ஹூஸ்டனுக்கோ துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கோ போவது, ஏறத்தாழ 16 மணி நேரம் பிடிக்கும். புறப்பட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு முடிந்துவிடும். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது இரண்டாவது வரும். நடுவில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு சிறு சாண்ட்விச்சையோ பீட்சாத் துண்டையோ கொடுத்துவிட்டுப் போவார்கள். தூங்குபவர்களை எழுப்ப மாட்டார்கள் என்பதால் அதுவும் பலருக்குக் கைக்கு வராமலே போய்விடும். மணிக்கணக்காக நீளும் இந்த இருட்டுப் பொழுதுதான் எங்கள் பார்வையில் பயணத்தின் உண்மையான உணவுச் சிக்கல்.

முதலில் சிறப்பு உணவைப் பற்றி. பயணச்சீட்டுப் பதிவில் விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை, கூடுதல் கட்டணமின்றி, பெரும்பாலான முழுச் சேவை நிறுவனங்களில் இதைக் கேட்டு வைக்கலாம். நம்மவர்களில் பலர் ‘வெஜிடேரியன்’ என்று கண்ணில் படும் முதல் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வெண்ணெய் இல்லாத ரொட்டியையும் வேகவைத்த கேரட்டையும் பார்த்துத் திகைப்பார்கள். பட்டியலில் சைவம் ஒன்றல்ல. ஏவிஎம்எல் என்ற குறியீடுள்ளது இந்திய முறைச் சைவம்: முட்டை கிடையாது, பாலும் தயிரும் பனீரும் உண்டு, மசாலா உண்டு. விஜிஎம்எல் என்பது பால் பொருளும் விலக்கிய, பெரும்பாலும் மேலை முறையில் சமைத்த உணவு. விஎல்எம்எல் என்பதில் முட்டையும் பாலாடைக்கட்டியும் வரும். விஜேஎம்எல் சமண உணவு. வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் இராது. மாட்டிறைச்சி வேண்டாம், ஆனால் அசைவம் வேண்டும் என்பவர்களுக்கு ஹெச்என்எம்எல் என்று ஒன்று உண்டு. என் மனைவி இவற்றில் மூன்றைச் சோதித்துப் பார்த்து, ஏவிஎம்எல்லிலேயே நிலைத்துவிட்டார்.

சிறப்பு உணவின் பெரிய வசதி, அது மற்றவர்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடுவது. பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு ‘கோழி தீர்ந்துவிட்டது, பாஸ்தா மட்டும்தான்’ என்று சொல்லப்படும் நிலை சிறப்பு உணவு கேட்டு வைத்தவருக்கு வராது. குறை என்னவென்றால், மாற்று கிடையாது. வந்ததைத்தான் உண்ண வேண்டும். மேலும், விமானத்தை மாற்றிப் பதிவு செய்தாலோ, இரண்டாம் கட்டத்தை வேறு நிறுவனம் இயக்கினாலோ, இந்தக் கோரிக்கை பின்தொடர்ந்து வரும் என்று நம்பக் கூடாது. எங்களுக்கு ஒருமுறை இணைப்பு விமானம் தவறி, மறுநாள் விமானத்தில் இடம் கொடுத்தபோது, மனைவியின் உணவுக் குறியீடு பதிவிலிருந்து காணாமல் போயிருந்தது. பணியாளர்கள் அன்போடு பழமும் ரொட்டியும் தேடிக் கொடுத்தார்கள் என்றாலும், 14 மணி நேரத்துக்கு அது போதவில்லை. இப்போது போர்டிங் பாஸ் வாங்கும் மேசையிலேயே இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்கிறோம்.

ஒரே நிறுவனம், ஒரே குறியீடு, இருந்தும் போகும்போது ஒரு ருசி, வரும்போது ஒரு ருசி. காரணம் எளியது: புறப்படும் ஊரில் உள்ள சமையற்கூடம்தான் அந்த உணவைச் சமைக்கிறது. சமைத்ததை உடனே குளிரவைத்து, 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்திருந்து, தட்டில் அடுக்கி ஏற்றிவிடுகிறார்கள். விமானத்தில் நடப்பது சூடான காற்று அடுப்பில் மறுபடி சூடாக்குவது மட்டுமே. சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் சாதாரணப் பட்டியலிலேயே நல்ல சைவக் குழம்பும் சாதமும் இருப்பதால் அங்கே ஏவிஎம்எல் கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான். அமெரிக்க நகரம் ஒன்றிலிருந்து திரும்பும்போதோ, அதே குறியீட்டில் இரண்டு வேளையும் கொண்டைக்கடலைதான் வந்து சேர்கிறது. அந்த ஊர்ச் சமையற்காரர் மனத்தில் இந்தியச் சைவம் என்றால் கொண்டைக்கடலை என்று பதிந்துவிட்டது போலும்.

மறுபடி சூடாக்குவதைத் தாங்கும் பண்டம் எது, தாங்காதது எது என்பதையும் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். குழம்போடு இருப்பவை தப்பிக்கின்றன, வறுத்தவை வறண்டுபோகின்றன. வெண்பொங்கலும் உப்புமாவும் ஓரளவு நன்றாகவே வருகின்றன; இட்லி ஓரத்தில் இறுகிவிடுகிறது; ஆம்லெட் ரப்பராகிவிடுகிறது. காலைச் சிற்றுண்டியில் தேர்வு கிடைத்தால் நான் முட்டையைத் தவிர்த்துவிடுவேன். கோழியா மீனா என்றால், சாறு அதிகமுள்ளது எது என்று பணிப்பெண்ணிடம் கேட்டு அதையே வாங்குகிறேன்.

உணவு சப்பென்று இருப்பதற்குச் சமையற்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. பறக்கும்போது அறையின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம்; ஈரப்பதமோ 20 விழுக்காட்டுக்கும் கீழே. மூக்கு காய்ந்துபோவதால் மணம் பிடிபடுவதில்லை. லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010 வாக்கில் பழைய விமான உடற்பகுதியை அழுத்தக் குறைவு அறைக்குள் வைத்துச் செய்த சோதனைகளில், உப்பின் சுவை 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பின் சுவை 15 முதல் 20 விழுக்காடும் குறைவாகத் தெரிவது கண்டறியப்பட்டது. இயந்திர இரைச்சலும் இனிப்பை மங்கச் செய்கிறது என்று 2015இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அதே ஆய்வில், தக்காளி போன்றவற்றில் உள்ள, ஐந்தாம் சுவை எனப்படும் உமாமி மட்டும் இரைச்சலில் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. தரையில் நான் தொடவே தொடாத தக்காளிச் சாறு, மிளகுப் பொடியும் உப்பும் தூவினால், மேலே ஆறிப்போன ரசம் போல இதமாக இறங்குவதற்கு விளக்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். புளியும் காரமும் மேலேயும் தம் வேலையைச் செய்கின்றன என்பது என் நாக்கின் சாட்சியம். காற்றழுத்தமும் ஈரப்பதமும் ஓரளவு மேம்பட்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் தொண்டை வறட்சி குறைவாக இருப்பதையும் உணர்ந்திருக்கிறேன்.

இருட்டுப் பொழுதுக்கு வருவோம். பெரும்பாலான நீண்ட விமானங்களில் பின்பக்கச் சமையற்பகுதியில் சிப்ஸ், சாக்லேட், ஆப்பிள், சில வேளை சாண்ட்விச் ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்திருப்பார்கள். இதை யாரும் அறிவிக்க மாட்டார்கள். எழுந்து போய்க் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள், குறிப்பாக முதல் முறை பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள், பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெயரிலேயே கோப்பை உடான் நூடுல்ஸ் வைத்திருக்கிறது. கொரியன் ஏர் எகானமியில் கொடுத்து வந்த ராமியோன் என்ற கொரியக் கோப்பை நூடுல்ஸை, விமானக் குலுங்கலில் கொதிநீர் கொட்டிப் புண்ணாகும் அபாயம் கருதி, 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும் வரிசையில் கொதிக்கும் கோப்பை நல்லதல்ல.

எங்கள் உண்மையான தீர்வு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான். கெட்டியான உணவுக்குப் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடை இல்லை. தயிர், சட்னி, ஊறுகாய், தொக்கு ஆகியவை திரவக் கணக்கில் சேர்ந்து 100 மில்லி வரம்புக்குள் வந்துவிடுகின்றன. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் இருப்பதே நலம். மனைவி கட்டுவது நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய சின்ன இட்லி, அல்லது புளியோதரை. இரண்டையும் முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுகிறோம். அதாவது இணைப்பு விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்திலோ நீண்ட கட்டத்தின் தொடக்கத்திலோ. தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம். இட்லியை வாழையிலையில் சுற்றி மேலே அலுமினியத் தாள் போட்டால் எண்ணெய் கசியாது, உலர்வதும் இல்லை. புளியோதரை நல்ல பண்டம்தான். ஆனால் பெருங்காய மணம் மூடிய அறையில் நான்கு வரிசை வரை போகும் என்பதால் அதை விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிடுவது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

நடு இரவுப் பசிக்கு உலர்ந்த பண்டம்தான் கைகொடுக்கும். நாங்கள் பலவற்றை முயன்று கழித்துவிட்டோம். முறுக்கு நொறுங்கி மடியெல்லாம் தூள்; சீடையைக் கடிக்கும் ஓசைக்குத் தூங்குபவர் விழித்துக்கொள்கிறார்; சிப்ஸ் பொட்டலம் அழுத்தக் குறைவில் பந்துபோல் உப்பிக்கொள்வதோடு, தாகத்தையும் கூட்டுகிறது. கடலை மிட்டாய் எனக்குப் பிடித்தமானதே. ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் அருகில் இருக்கக்கூடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் நிலக்கடலை கொடுப்பதை நிறுத்தியதற்கும் அதுவே காரணம். நிலைத்தவை மூன்று: பொட்டுக்கடலையோடு கலந்த உலர் திராட்சை, எள்ளுருண்டை, மெல்லிய அவல். அவலில் உப்பும் மிளகுத்தூளும் வறுத்த கறிவேப்பிலையும் சேர்த்துச் சிறு டப்பாவில் எடுத்துப்போய், பணியாளரிடம் வெந்நீர் வாங்கி ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் உப்புமாவாகிவிடும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் மெல்லிய அவலுக்கு அந்தச் சூடு தாராளம். கெட்டி அவல் சரியாக ஊறுவதில்லை.

வயிற்றில் உள்ள வாயுவும் அந்த உயரத்தில் கால் பங்குக்கு மேல் விரிவடைகிறது. ஆகவே கிளம்பும் அன்று மொச்சை, ராஜ்மா, முட்டைக்கோஸ் போன்றவற்றையும் சோடா பானங்களையும் நாங்கள் விலக்குகிறோம். தண்ணீருக்குக் காலிப் புட்டி ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதனைக்குப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்கா செல்லும் விமானங்களுக்குச் சில நிலையங்களில் வாயிலருகே மறுசோதனை நடப்பதால் அங்கே காலி செய்யச் சொல்லக்கூடும். காபியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மலிவுக் கட்டண நிறுவனங்களில் நிலைமை வேறு. சாப்பாட்டை முன்பதிவில் வாங்குவது விமானத்தில் வாங்குவதைவிடச் சிக்கனம். விருப்பமானது தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. சில நிறுவனங்கள் வெளியுணவை உள்ளே உண்ண அனுமதிப்பதில்லை என்பதால், விதிமுறையைப் படித்த பிறகே இட்லி கட்ட வேண்டும்.

கடைசியாக, பையில் கொண்டுபோவதையும் மீந்ததையும் பற்றி. குருமாவுக்கென்று கசகசாவைப் பையில் போட்டுக்கொண்டு வளைகுடா வழியாகப் போகக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படியே. அபுதாபி வழியாக அமெரிக்கா செல்பவர்கள் நீண்ட கட்டத்துக்கு முன்பே அமெரிக்கச் சுங்கச் சோதனையை அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழத்தை அந்த வரிசையில் நிற்பதற்கு முன்பே தின்றுவிட வேண்டும். விமானத்தில் கொடுத்த பழம்தானே என்று எண்ணி இறங்கும்போது பையில் போட்டுக்கொள்வதும் ஆபத்து. 2018இல் பாரிஸிலிருந்து அமெரிக்கா வந்த பயணி ஒருவருக்கு, விமானத்தில் சிற்றுண்டியாகக் கிடைத்த ஆப்பிளை அறிவிக்காமல் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதம் விதித்தார்கள். நாங்கள் பழத்தையும் பால் பொருளையும் இறங்குவதற்கு முன்பே பணியாளரிடம் கொடுத்துவிடுகிறோம். பொட்டுக்கடலையும் அவலும் மீந்திருந்தால், உணவு இருக்கிறது என்று அறிவித்துவிடுகிறோம். அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டுவிட்டு, போகச் சொல்லிவிடுவார்.