போன் பேட்டரி: குன்னூர்க் கடையா, கோவை சர்வீஸ் சென்டரா, ஆன்லைனா?

பனிக்காலத்தில் காலை ஏழு மணிக்கு, ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன், ஒரு போட்டோ எடுத்ததும் அணைந்துபோகும். வெயில் ஏறியபின் ஆன் செய்தால் 26 சதவீதம் இருக்கும். நடுவில் யாரும் சார்ஜ் போடவில்லை. போனுக்குப் பேய் பிடிக்கவில்லை, அதன் பேட்டரிக்குக் குளிர் பிடித்திருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரம் நகர்வது வேதிவினையால். குளிரில் அந்த வினை மந்தமாகி, உள்தடை ஏறுகிறது. கேமராவோ வீடியோ காலோ ஒரே இழுப்பில் அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜ் தீரவில்லை, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பழைய பேட்டரியில் உள்தடை ஏற்கெனவே கூடியிருக்கும். குளிரும் சேர்ந்தால் இரட்டை அடி. மேட்டுப்பாளையத்தில் இன்னும் ஒரு வருஷம் ஓடக்கூடிய பேட்டரி, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இந்த ஜனவரியிலேயே காலை வாரும்.

குளிரைவிட அதிகமாகச் சார்ஜ் தின்பது சிக்னல். பள்ளத்தாக்கு எஸ்டேட்டில், டவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலை நிற்கும் இடத்தில், போன் முழு பலத்தோடு கத்திக்கொண்டே இருக்க வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவுக்கு அலை அனுப்பும். அதை உண்டாக்க உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். இரண்டு சிம் இருந்து இரண்டுக்கும் சிக்னல் இல்லை என்றால் தேடலும் இரட்டிப்பு. இந்த நோய்க்குப் புது பேட்டரி மருந்தாகாது. புதிதும் அதே வேகத்தில்தான் இறங்கும்.

முதலில் மூன்று இரவு

செலவில்லாத சோதனை இது. தூங்கும் முன் போனை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்து, ஜன்னலோரம் இல்லாமல் அறைக்குள் வையுங்கள். முதல் இரவு ஏரோபிளேன் மோடு, வைஃபையும் அணைத்து. இரண்டாம் இரவு சிம் மட்டும் ஆன், மொபைல் டேட்டா அணைத்து. மூன்றாம் இரவு எல்லாம் வழக்கம்போல. எட்டு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

முதல் இரவில் மூன்று நான்கு சதவீதத்துக்குள் இறங்கி, இரண்டாம் இரவில் பதினைந்தைத் தொட்டால் குற்றவாளி டவர். இரண்டு இரவும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டால் ஏதோ ஒரு ஆப். செட்டிங்கில் பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தால் பெயரோடு மாட்டும். முதல் இரவிலேயே பத்துக்கு மேல் இறங்கினால்தான் பேட்டரியையோ போர்டையோ சந்தேகிக்க வேண்டும்.

சிக்னல்தான் பிரச்சினை என்றால், வீட்டில் பைபர் இணைப்பு இருப்பவர்கள், டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ஏர்டெல்லும் ஜியோவும் இந்த வசதியைக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. சிக்னல் இல்லாத இரண்டாவது சிம்மை அணையுங்கள். 5ஜி வந்து வந்து போகும் இடத்தில் நெட்வொர்க் தேர்வை 4ஜி என்று நிறுத்துங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் தாவிக்கொண்டிருக்கும் போனில் ஆபரேட்டர் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றிப் பார்க்கலாம்.

பேட்டரியின் ஆரோக்கியம் ஐபோனில் செட்டிங்கிலேயே தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சுற்றுக்குப் பிறகும், 15 முதல் வந்தவற்றின் பேட்டரி 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்பது ஆப்பிளின் கணக்கு. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனை இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பழைய மாடல்கள் சிலவற்றில் டயலரில் *#*#4636#*#* அழுத்தினால் வோல்டேஜும் வெப்பமும் தெரியும்.

பின்பக்கம் லேசாக எழும்பியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. அது உப்பிய பேட்டரி. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

ஐபோன், தண்ணீர் புகாத ரகப் போன், மடக்கு போன், 65 வாட்டும் அதற்கு மேலும் சார்ஜ் ஏறும் போன் ஆகிய நான்குக்கும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வோம். மிக வேகமாகச் சார்ஜ் ஏறும் போன்கள் பலவற்றில் இரண்டு செல்களைத் தொடராக இணைத்த பேட்டரி இருக்கும். அதில் காப்பி சரக்கைப் போட்டால் ஒன்று வேகச் சார்ஜ் போய்விடும், இல்லையென்றால் சூடு ஏறும்.

கஷ்டம் எல்லாம் தூரத்தில் இருக்கிறது. எந்த பிராண்டின் சென்டர் மலையில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். நிறுவனத் தளத்தில் ஊட்டிக்கு 643001, குன்னூருக்கு 643101, கூடலூருக்கு 643212 என்று பின்கோடு போட்டுப் பாருங்கள். கோவைதான் என்று வந்தால் ஊட்டியிலிருந்து போக மட்டும் 86 கிலோமீட்டர் அளவு, கூடலூர்க்காரருக்கு அதோடு இன்னும் ஐம்பது. ஆகவே போன் செய்யாமல் கீழே இறங்காதீர்கள். கேட்க வேண்டியவை: என் மாடலுக்குப் பேட்டரி இப்போது கையில் இருக்கிறதா, அன்றே கொடுப்பீர்களா, டேட்டாவை அழிப்பீர்களா, பின்பக்கம் உடைந்தால் செலவு யாருடையது. "வாங்க சார், பாத்துக்கலாம்" என்ற பதிலை நம்பி பஸ் ஏறினால், பேட்டரிக்கு ஆர்டர் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அடுத்த வாரம் இன்னொரு நாள் கூலியும் போகும்.

நான்கைந்து வருஷம் ஆன மலிவு போன்களுக்குக் கம்பெனியிடமே பேட்டரி தீர்ந்திருக்கும். இருந்தாலும் பல வருஷம் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படையும்.

ஊர்க் கடை

இரண்டிலிருந்து நான்கு வருஷமான ரெட்மி, சாம்சங் ஏ வரிசை, ரியல்மி, விவோ வகையறாவுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கடையைவிடக் கடைக்காரர் போடும் பேட்டரி முக்கியம். அதைப் பார்த்து வாங்குவது உங்கள் வேலை.

போன் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பேட்டரி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரெட்மி நோட் 8-க்கு பிஎன்46, நோட் 7-க்கு பிஎன்4ஏ. சாம்சங்கில் இபி என்று தொடங்கும். ஏ50, ஏ30, ஏ20 மூன்றுக்கும் ஒரே இபி-பிஏ505ஏபியு. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் குடும்பத்துக்கு பிஎல்பி. ஒரு எழுத்து மாறினாலும் கனெக்டர் உட்காராது. அல்லது உட்கார்ந்து, சார்ஜ் அளவைத் தப்பாகக் காட்டும்.

அடுத்தது வோல்டேஜ். இப்போதைய பேட்டரிகளில் 3.85 அல்லது அதை ஒட்டிய எண்ணும், சார்ஜ் உச்சம் 4.4 என்றோ சற்றுக் கூடுதலாகவோ அச்சிட்டிருக்கும். உச்சம் 4.2 என்று போட்ட செல்லை 4.4 வரை ஏற்றும் போனில் மாட்டினால் ஒவ்வொரு நாளும் அதை அளவுக்கு மீறி நிரப்புகிறோம். உப்புவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது. பழைய பேட்டரியையும் புதியதையும் அருகருகே வைத்து இந்த எண்களை ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, எடை. நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 4,000 எம்ஏஎச் பேட்டரி சுமார் 60 கிராம் இருக்க வேண்டும். அதே அளவு உறையில் 6,000 என்று அச்சிட்டு 45 கிராம் இருந்தால், கூடுதலாகக் கிடைத்தது மை மட்டும். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். போலி லேபிளும் உண்டு என்றாலும், அதுகூட இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம்.

எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதலான ஐபோன்களில் கம்பெனியுடையது அல்லாத பேட்டரி போட்டால் எச்சரிக்கைச் செய்தி வரும். போன் வேலை செய்யும். அதை வராமல் செய்கிறோம் என்று சில கடைகளில் பழைய பேட்டரியின் சின்ன போர்டை அறுத்துப் புதிய செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்வார்கள். கை தேர்ந்தவர் செய்தால் ஓடும். சூடு கொஞ்சம் கூடினால் செல் அங்கேயே பழுதாகும். செய்தி வந்தால் வரட்டும் என்று விடுவதே மேல்.

கடையில் பொதுவாகத் தவறுவது பேட்டரியில் இல்லை, மூடுவதில். பின்பக்கத்தைத் திறந்ததும் அதன் ஒட்டு சீல் போய்விடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் துணியே நாலு நாள் காயாத ஊர் இது. மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பி-7000 போன்ற பசையைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் இட்டு, கிளிப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அது முழுசாக இறுக ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும், குளிரில் இன்னும் மெதுவாக. அரை மணியில் கிளிப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தால், வீட்டில் ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்க வையுங்கள்.

ஆன்லைனில் வாங்கி நாமே மாற்றுவது

தனி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் உலக அளவில் தடை இருக்கிறது. அதனால் பேட்டரிப் பார்சல் பெரும்பாலும் தரைவழிதான். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்று. இன்னும் சில நாள் கூடும். வந்த சரக்கு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் அதே தலைவலி. எடை போட்டுப் பார்க்காமல் வாங்குவதால், கடையில் ஏமாறுவதைவிட இங்கே ஏமாறுவது எளிது. கடைக்காரரிடம் கிடைக்காத எண்ணுக்கு மட்டும் இந்த வழி. அப்போதும் பேட்டரியை வரவழைத்துக் கடையில் மாட்டச் சொல்லலாம். கூலி மட்டும் வாங்கிக்கொண்டு செய்பவர்கள் உண்டு, ஆனால் பேட்டரிக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார்.

கண்டிப்பாக நானேதான் செய்வேன் என்பவர்களுக்கு: சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி அணையுங்கள், நிறைந்த பேட்டரி குத்துப்பட்டால் தீ பெரிது. சிம் தட்டை முதலில் வெளியே எடுங்கள், மறந்தால் அது வளையும் அல்லது போர்டைக் கீறும். ஹேர் டிரையரால் விளிம்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு மூன்று நிமிடம் காட்டி, பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துச் சுற்றி வாருங்கள். ஊட்டிக் குளிரில் ஒரு பக்கம் வெட்டுவதற்குள் மறுபக்கம் இறுகிவிடும், சலிக்காமல் மறுபடி சூடு காட்ட வேண்டும். பின்பக்கத்தில் கைரேகை சென்சார் உள்ள மாடலில் வெடுக்கென்று தூக்கினால் அதன் ஸ்ட்ரிப் அறுந்துபோகும். இது அடிக்கடி நடக்கும் விபத்து.

உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் குச்சியால் கழற்றுவது. பேட்டரியை ஒட்டியிருக்கும் இழுவைப் பட்டையைத் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். அறுந்தால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலை விளிம்பில் சில துளி விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியவர் கதை தீயில் முடியும். பக்கத்தில் ஒரு சட்டி மணல் இருக்கட்டும். புதியதை ஒட்டும் முன் கனெக்டரை மட்டும் மாட்டி ஆன் செய்து, சார்ஜ் ஏறுகிறதா, தொடுதிரை வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒட்டியபின் தெரிந்து பயனில்லை.

பவர்பேங்கோடு காலம் தள்ளுவது

போன் ஐந்து வருஷம் தாண்டி, பாதுகாப்பு அப்டேட்டும் நின்றிருந்தால் இதுவே போதும். மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு நாள் கரண்டு போகும் ஊரில் எப்படியும் ஒன்று வேண்டும். 10,000 எம்ஏஎச் என்றால் இரண்டு முறை ஏறும் என்று எண்ணாதீர்கள். அந்த எண் 3.7 வோல்ட்டில் உள்ள செல்லுக்கு. 5 வோல்ட்டாக மாற்றும் இழப்பும் போனால் கைக்கு வருவது 5 வோல்ட்டில் 6,000 சொச்சம். போனின் 5,000 எம்ஏஎச் 3.85 வோல்ட் கணக்கு என்பதால், அதை ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பும். பனிக்காலத்தில் அதையும் போனையும் ஸ்வெட்டருக்கு உள்பையில் வையுங்கள், பையின் வெளி ஜிப்பில் வேண்டாம். அணைந்த போனைக் கணப்பிலோ ஹீட்டர் முன்னாலோ காட்டிச் சூடேற்றாதீர்கள்; உள்ளே நீர்த்துளி படியும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் வரும். எனவே பனியில் நின்ற வண்டியில் இரவெல்லாம் கிடந்த போனைக் கொஞ்ச நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியின் கனெக்டர் மேல் டேப் ஒட்டி, கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. உப்பியதாக இருந்தால் கொடுக்கும் நாள்வரை மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே, மழை படாமல் வையுங்கள். குப்பை வண்டியில் போட்டால், அங்கே நசுங்கும்போது பற்றிக்கொள்ளும்.